வாசகர் கேள்வி–பதில்: தொழிற்சாலை நர்ஸ் ஆக என்ன படிக்க வேண்டும்?

தொழிற்சாலை மருத்துவ மையங்களில் வேலை பார்க்கும், பார்க்க விரும்பும் செவிலியர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யு.வில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையின் மருத்துவ மையத்தில் (ஓ.எச்.சி.) வேலை வந்திருக்கிறது. நேர்காணலில் “ஏ.எஃப்.ஐ.எச். முடித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். அதை நான் படிக்கலாமா?
– வாசகி, ஓசூர்

கேட்டவருக்கே அது என்ன படிப்பு என்று தெரியவில்லை போலிருக்கிறது. ஏ.எஃப்.ஐ.எச். என்பது எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கான மூன்று மாதச் சான்றிதழ். மும்பை சயானில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனம், சென்னை தரமணியில் உள்ள மண்டல நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கிறது. செவிலியர்களுக்கு அதில் இடமில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் இருந்தால் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த 500 அப்படியேதான் இருக்கிறது. அபாயகரமான செய்முறை உள்ள ஆலைகளுக்கான மாதிரி விதிகளைப் பாருங்கள். 200 பேருக்கு மேல் இருந்தால் முழுநேர டாக்டர், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு நர்ஸ், ஒரு டிரஸ்ஸர்-கம்-கம்பவுண்டர். டாக்டருக்குத் தொழிலக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி கட்டாயம். நர்ஸுக்கு? ‘நர்ஸ்’ என்ற ஒரு சொல்லோடு விதி முடிந்துவிடுகிறது. சட்டம் கேட்காததால் படிப்பும் வளரவில்லை. பி.எஸ்சி. பாடத்தில் சமூக நலச் செவிலியத்துக்குள் தொழில்சார் நலம் ஒரு சிறு பகுதியாக வந்து போகிறது, அவ்வளவுதான்.

எனவே உங்களுக்கு வேண்டியது தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு, காலாவதியாகாத பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்று, பிறகு வேலைக்கு வேண்டிய கைப்பழக்கம். சேரும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவு ஷிஃப்டில் டாக்டர் இல்லாதபோது எந்த மருந்தை, எந்த அளவில், யாருக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் கையெழுத்திட்ட நிலையான ஆணை முதலாவது. அது இல்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உங்கள் பதிவேடுகளை யார் யார் பார்க்கலாம் என்பது இரண்டாவது.

ஐ.சி.யு.விலிருந்து வருபவர்கள் சறுக்கும் இடம் வேறு. அவர்கள் ஆளைப் பார்ப்பார்கள், அவர் எந்த இடத்திலிருந்து வந்தார் என்று பார்க்க மாட்டார்கள். ஓ.பி. பதிவேட்டில் பெயர், வயது, மருந்தோடு நிறுத்தாமல் பிரிவு, இயந்திரம், ஷிஃப்ட் என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். மாதக் கடைசியில் பிரிவு வாரியாக எண்ணுங்கள். தலைவலிக்கு மாத்திரை வாங்கியவர்களில் பாதிப் பேர் பெயின்ட் பூத்திலிருந்து வந்தவர்கள் என்றால் பிரச்சினை தலையில் இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேனில் இருக்கிறது.

ஃபவுண்டரியில் ஆண் செவிலியராக இருக்கிறேன். வருடாந்திர கேட்புச் சோதனையில் பலருக்குக் காது கேட்பது குறைந்ததாக வருகிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் சரியாக இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்று செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டாமே?
– வாசகர், கோவை

உண்டு. கேட்புப் பாதுகாப்புக்கான அங்கீகாரக் குழு ஒன்று அங்கே இருக்கிறது. ‘சி.ஏ.ஓ.எச்.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். படிப்பு 20 மணி நேரம், சான்று ஐந்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 8 மணி நேரம். நர்ஸ் மட்டுமல்ல, டெக்னீஷியன்களும் படிக்கிறார்கள். பாடத்தின் பெரும் பகுதி நீங்கள் சொல்லும் இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதுதான்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் தற்காலிக மந்தம். வார்ப்பை அச்சிலிருந்து உதறி எடுக்கும் ஷேக்-அவுட் பக்கத்தில் நாலு மணி நேரம் நின்றவரை அப்படியே சோதனைக்குக் கூட்டி வந்தால் காது களைத்திருக்கும், அளவு மோசமாகத்தான் வரும். முதல் அடிப்படைச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் ஆலைச் சத்தம் காதில் படக் கூடாது என்பது அமெரிக்க விதி. அதனால் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பு சோதியுங்கள். முடியாவிட்டால் வேலைக்குப் போகும்போதே நல்ல காது அடைப்பான் போட்டுவிட்டு, பிறகு அழைத்து வாருங்கள்.

அடுத்த சந்தேகம் அறை. கான்ஃபரன்ஸ் ஹாலில் ஏ.சி. ஓட, வெளியே ஃபோர்க்லிஃப்ட் போக, உள்ளே ஆடியோமெட்ரி நடக்கும். சோதனை அறையில் சுற்றுச் சத்தம் 500, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலையும், 2000-ல் 47-ஐயும், 4000-ல் 57-ஐயும் தாண்டக் கூடாது. தாண்டினால் தாழ்ந்த சுருதிகளில் எல்லாருக்குமே காது மந்தம் என்று வரும். 500-லும் 1000-லும் ஒரே நாளில் எல்லாருடைய வரைபடமும் சேர்ந்து இறங்கியிருந்தால் அறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை செய்யும் முறை: காதை ஓட்டோஸ்கோப்பில் பாருங்கள், குறும்பி அடைத்திருந்தால் அன்று சோதனை வேண்டாம். கண்ணாடி, கடுக்கன், தலைக்கவச வார் எல்லாம் கழற்ற வேண்டும். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. ஹெட்ஃபோனை நீங்களே மாட்டிவிடுங்கள். தொழிலாளியே மாட்டினால் காதுத்துளைக்கு நேராக உட்காராது. உங்கள் கை தெரியாதபடி அவரைத் திரும்பி உட்கார வையுங்கள். 1000 ஹெர்ட்ஸில் நன்றாகக் கேட்கும் அளவில் தொடங்குங்கள். கேட்டால் 10 குறையுங்கள், கேட்காவிட்டால் 5 கூட்டுங்கள். ஏறும்போது மூன்றில் இரண்டு முறை பதில் வரும் மிகக் குறைந்த அளவுதான் அவருடைய கேட்பு எல்லை. ஒலி கொடுக்கும் இடைவெளி தாளம் போல ஒரே சீராக இருந்தால் அவர் கேட்காமலே சரியான நேரத்தில் பொத்தானை அழுத்துவார். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது.

இயந்திரத்தைத் தினமும் காலையில் காது நிலை தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நீங்களாகவே இருப்பீர்கள். 10 டெசிபல் மாறினால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். எப்படியும் வருடம் ஒரு முறை அனுப்பத்தான் வேண்டும்.

பிறகு கணக்கு, இதுவும் அமெரிக்க விதிப்படிதான். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரியை அடிப்படைச் சோதனையோடு ஒப்பிடுங்கள். அன்று 10, 15, 20 என்றால் சராசரி 15. இன்று 15, 30, 35 என்றால் சராசரி 26.7. வித்தியாசம் 11.7. ஒரு காதில் 10 அல்லது அதற்கு மேல் நகர்ந்தாலே நடவடிக்கை வேண்டும்: 30 நாளுக்குள் மறுசோதனை செய்யலாம், உறுதியானால் 21 நாளுக்குள் தொழிலாளிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ‘நார்மல்’, ‘அப்நார்மல்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சோதனை வேன்காரர்களிடம் எண்களையும் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத அறிக்கையை அடுத்த வருடம் எதோடு ஒப்பிடுவீர்கள்? சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை நம் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்பதையும் மறக்க வேண்டாம்.

சி.ஓ.எச்.என்., சி.ஓ.எச்.என்.-எஸ். என்ன வித்தியாசம்?
– பெயர் வேண்டாம் என்றவர், தோகா

இரண்டும் தொழிலகச் செவிலியர்களுக்காக 1972-ல் தொடங்கிய அமெரிக்க வாரியத்தின் தேர்வுகள். முன்னதைப் பட்டம் இல்லாத பதிவுபெற்ற செவிலியரும் எழுதலாம், பின்னதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். இவை வேலை தெரியும் என்பதற்கான சான்று, வேலை செய்வதற்கான உரிமம் அல்ல. வளைகுடாவில் இதை விளம்பரத்தில் போட்டாலும் உள்ளூர் உரிமம், டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு இரண்டும் இல்லாமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். கனடாவிலும் இதே வகையில் செவிலியர் சங்கம் நடத்தும் சான்று ஒன்று உண்டு. தென்கொரியா இன்னும் கடுமை: அங்கே ‘தொழிலக நிபுணச் செவிலியர்’ ஆக முதுகலைப் படிப்பு முடித்து அரசுத் தேர்வு எழுத வேண்டும்.

லண்டனில் என்.எச்.எஸ். வார்டில் இருக்கிறேன். நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துவரவில்லை. தொழிலகச் செவிலியராக மாற எஸ்.சி.பி.எச்.என். கட்டாயமா?
– வாசகி, சொந்த ஊர் நாகர்கோவில்

கட்டாயமில்லை. என்.எம்.சி. (பிரிட்டனின் செவிலியர் கவுன்சில்) பதிவு இருந்தால் இளநிலைப் பணியில் சேரலாம், பலரும் அப்படித்தான் நுழைகிறார்கள். ஆனால் மூத்த பதவிக்கான விளம்பரங்களில் அந்த ஐந்தெழுத்து அடிக்கடி வரும்.

எஸ்.சி.பி.எச்.என்., அதாவது சமூகப் பொதுநலச் சிறப்புச் செவிலியர், என்.எம்.சி. பதிவேட்டின் மூன்றாவது பகுதி, 2004-ல் திறந்தது. வீட்டு நலப் பார்வையாளர், பள்ளிச் செவிலியர், தொழிலகச் செவிலியர் மூவருக்கும் ஒரே கூரை. முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய ஒரு வருடம், அதில் 45 வாரம் பாடத்துக்கு. பாதி வகுப்பு, பாதி களம். சிக்கல் கட்டணத்தில் இல்லை, களத்தில். உங்களைக் கண்காணிக்க ஒருவர், மதிப்பிட ஒருவர் என்று இருவர் உள்ள பணியிடம் வேண்டும். அது இல்லாமல் பல்கலைக்கழகம் சேர்க்காது. ஆகவே முதலில் வேலை தேடி, பிறகு அந்த முதலாளியிடம் படிப்புக்கு அனுப்பச் சொல்வதே நடைமுறை.

வார்டில் இருந்து போகிறவர்களுக்கு அங்கே புதிதாக இருப்பது எழுத்து வேலை. மேலாளர் ஒருவரை அனுப்புவார்: “ஆறு வாரமாக முதுகு வலி, எப்போது திரும்புவார்?” நீங்கள் நோயாளியோடு பேசி, இரண்டு பக்கத்தில் பதில் எழுத வேண்டும். எந்த வேலை முடியும், எது முடியாது, எத்தனை வாரத்துக்கு, என்ன மாற்றம் செய்தால் முடியும். நோயின் பெயர் எழுதத் தேவையே இல்லாத அறிக்கை அது. “கனமான வேலை தவிர்க்கவும்” என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். “தரையிலிருந்து தூக்குவது வேண்டாம், இடுப்பு உயரத்தில் இன்ன கிலோ வரை சரி, நாலு வாரம் கழித்து மறுபார்வை” என்று எழுதப் பழகுங்கள். 2022 ஜூலை முதல் செவிலியர்களும் ஃபிட் நோட்டில் (வேலைக்குத் தகுதியா என்று சொல்லும் மருத்துவச் சான்றில்) கையெழுத்திடலாம் என்பதால் இந்தத் திறமைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இப்போது வார்டில் இருக்கும்போதே உங்கள் மருத்துவமனையின் ஊழியர் நலப் பிரிவில் சில நாள் உடனிருந்து பார்க்கக் கேளுங்கள். ஊசி குத்திய காயம், தடுப்பூசி, தோல் அழற்சி என்று அங்கேயே தொழிலகச் செவிலியம் நடக்கிறது.

ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனம். தலைமையகத்திலிருந்து வந்த ‘ஹொகென்ஷி’ ஒருவர் எங்களிடம் மனஅழுத்தக் கேள்வித்தாள் பற்றிக் கேட்டார். அவர் நர்ஸா, டாக்டரா? எங்கள் எச்.ஆர். தொழிலாளர்களின் விடைகளைக் கேட்கிறார், கொடுக்கலாமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

ஹொகென்ஷி என்றால் பொதுநலச் செவிலியர். செவிலியர் தேசியத் தேர்வோடு, குறைந்தது ஓராண்டு கூடுதல் படிப்பும் இன்னொரு தேசியத் தேர்வும் முடித்தவர். ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்தப் பணியிடத்திலும் தொழிலக டாக்டர் ஒருவர் வேண்டும், சுகாதார மேலாளர் ஒருவர் வேண்டும். அந்த மேலாளர் வாரம் ஒரு முறையாவது ஆலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஹொகென்ஷி உரிமம் உள்ளவர் தேர்வு எழுதாமல் விண்ணப்பித்தே முதல் வகுப்புச் சுகாதார மேலாளர் ஆகலாம். சாதாரணச் செவிலியர் தேர்வு எழுத வேண்டும். ஒரே ஆலையில் இரண்டு நர்ஸ்களுக்குள் இத்தனை தூரம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மனஅழுத்தச் சோதனை அங்கே 2015 டிசம்பரில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் கட்டாயமானது. வழக்கமான தாளில் 57 கேள்விகள். டாக்டரும் ஹொகென்ஷியும் நேரடியாக நடத்தலாம். செவிலியர் தனிப் பயிற்சி முடித்தால்தான் நடத்த முடியும். முடிவு நேராகத் தொழிலாளியின் கைக்குப் போகிறது. அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது.

உங்கள் எச்.ஆருக்கும் அதே பதில்தான்: கொடுக்காதீர்கள். பிரிவு வாரியான தொகுப்பைக் கொடுங்கள், அதுவும் ஆறேழு பேர் மட்டும் உள்ள பிரிவென்றால் வேண்டாம். யார் என்று யூகித்துவிடுவார்கள். கேள்வித்தாளைத் தமிழாக்கும்போதும், வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தி, ஒடியா ஆக்கும்போதும் சூப்பர்வைசரை மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம். “உங்கள் மேலாளர் உதவுகிறாரா?” என்ற கேள்வியை மேலாளரே படித்துக் காட்டினால் வரும் விடை எதற்கு?

நர்சிங் கல்லூரி ஆசிரியை. மாணவிகளை வருடம் ஒரு முறை தொழிற்சாலைக்கு அழைத்துப் போகிறோம். குளிர்பானம் குடித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மற்ற நாடுகளில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?
– வாசகி, மதுரை

பார்க்க வேண்டிய நாடு பின்லாந்து. அங்கே ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி தொழிலக மருத்துவச் சேவைக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். செவிலியர் நான்காண்டுப் பொதுநலச் செவிலியப் பட்டம், அதாவது 240 படிப்புப் புள்ளிகள் (கிரெடிட்), முடித்திருப்பார். இந்தப் பணிக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள் தொழிலக நலத்தில் இன்னும் 15 புள்ளிகள் படிக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிப்பதால் வகுப்பில் கேட்டது மறுநாள் ஆலையில் தெரியும். எல்லாவற்றுக்கும் அடிப்படை பணியிட ஆய்வு. ஆய்வு செய்யாமல் யாருக்கு என்ன பரிசோதனை என்று முடிவெடுக்க மாட்டார்கள். நம் ஊரில் எல்லாருக்கும் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று பேக்கேஜ் வாங்குகிறோமே, அதற்கு நேர் எதிர்.

இத்தொழில் படிப்புக்கு முன்பே பிறந்தது. 1878-ல் இங்கிலாந்தின் நார்விச்சில் கோல்மன் கடுகு ஆலை ஃபிலிப்பா ஃப்ளவர்டே என்ற செவிலியரை வேலைக்கு வைத்தது. காலையில் மருந்தகம், பிற்பகலில் தொழிலாளர் வீடுகள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் முறையான படிப்பைத் தொடங்க 1934 ஆனது. பாடநூல் வராமலே ஐம்பது வருடத்துக்கு மேல் வேலை நடந்திருக்கிறது. உங்கள் பாடத்திட்டம் மாறும் வரை நீங்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த விசிட்டுக்கு இப்படிச் செய்து பாருங்கள். போவதற்கு முன் ஆலையில் பயன்படுத்தும் இரண்டு ரசாயனங்களின் பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்குங்கள். 16 பகுதிகள் இருக்கும். முதலுதவி 4-வது பகுதி, வெளிப்பாட்டு எல்லையும் பாதுகாப்புக் கவசமும் 8-வது, நச்சுத்தன்மை 11-வது. இம்மூன்றை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஆலையில் மூலப்பொருள் இறங்கும் இடத்தில் தொடங்கி, சரக்கு வெளியேறும் இடம் வரை வரிசையாக நடங்கள். ஒவ்வொரு மாணவியும் ஒரே ஒரு தொழிலாளியின் அருகில் பத்து நிமிடம் நின்று, கை எத்தனை முறை தோளுக்கு மேல் போகிறது, மூச்சில் என்ன போகிறது, எதைத் தொடுகிறார், கையுறை போட்ட கையாலேயே முகத்தைத் துடைக்கிறாரா என்று எழுதட்டும். வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலையானால் விரல் இடுக்கில் குரோம் புண் இருக்கிறதா என்று பார்க்கலாம். டைனிங் ஹாலும் கழுவுமிடமும் பார்க்காமல் வரக் கூடாது. ஈயத்தூசி நுரையீரல் வழியாக மட்டுமல்ல, சோற்றுக் கையோடும் உள்ளே போகிறது. முடிந்தால் பராமரிப்பு நடக்கும் நாளில் போங்கள். தொட்டியைத் திறந்து சுத்தம் செய்வது அன்றைக்குத்தான், செய்வது பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள்.

நூற்பாலை ஓ.எச்.சி.யில் இருக்கிறேன். ஸ்பைரோமெட்ரியில் (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எல்லாருக்கும் ‘நார்மல்’ என்று வருகிறது. ஆனால் பஞ்சைப் பிரித்துச் சீவும் புளோ ரூம், கார்டிங் ஆட்கள் நெஞ்சு இறுக்கம் என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, ராஜபாளையம்

ஆட்களை நம்புங்கள். பஞ்சுத்தூசி நோயின் தொடக்கத்தில் இறுக்கம், வார விடுப்பு முடிந்து வரும் முதல் நாளில்தான் வரும். நடுவாரத்தில் ஒரு முறை ஊதச் சொன்னால் தெரியாது. “முதல் நாள் மட்டுமா, மற்ற நாளிலுமா?” என்று கேட்டு எழுதுங்கள். மற்ற நாளுக்கும் பரவினால் நோய் ஒரு படி ஏறியிருக்கிறது.

அமெரிக்கப் பஞ்சுத்தூசி விதியின்படி குறைந்தது 35 மணி நேரம் தூசியில்லாமல் இருந்தவரை, வாரத்தின் முதல் நாளில் வேலைக்குள் நுழையும் முன் ஒரு முறையும், ஷிஃப்ட் தொடங்கி 4 மணி நேரத்துக்குப் பின், 10 மணி நேரத்துக்குள் மறு முறையும் ஊதச் சொல்ல வேண்டும். முதல் வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு இரண்டுக்கும் இடையில் எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி. இதற்குச் சோதிப்பவர் நியோஷ் என்ற அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனம் அங்கீகரித்த 16 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

உங்கள் மில்லில் விடுப்பு செவ்வாய் என்றால் அவர்களுக்குப் புதன்தான் முதல் நாள். ஷிஃப்ட் சுழற்சியையும் பாருங்கள். திங்கள் மதியம் 2 மணிக்கு முடித்தவர் புதன் காலை 6 மணிக்கு வந்தால் 40 மணி நேரம், சரி. திங்கள் இரவு 10 மணிக்கு முடித்தவர் அதே புதன் காலை வந்தால் 32 மணிதான், சேராது. மில் வளாக ஹாஸ்டலில் தங்குகிறவர்கள் விடுப்பிலும் தூசிக்குப் பக்கத்திலேயே இருந்தார்களா என்று கேளுங்கள்.

இயந்திரத்தைத் தினமும் 3 லிட்டர் சிரிஞ்சால் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக மூன்று முறை சரிபாருங்கள், 2.91-க்கும் 3.09-க்கும் இடையில் வர வேண்டும். சிரிஞ்சை ஏ.சி. அறையிலும் இயந்திரத்தை வெளியிலும் வைக்காதீர்கள், வெப்பம் மாறினால் அளவும் மாறும். செருப்பில்லாமல் உயரம் அளங்கள். சொல்லும் உயரத்தை எழுதினால் ‘நார்மல்’ எல்லையே தவறிவிடும். உட்கார வைத்து, மூக்குக் கிளிப் போட்டு, முழுக்க இழுத்ததும் தயங்காமல் வெடிப்பது போல் ஊதச் சொல்லுங்கள். வளைகோடு தட்டையாகும் வரை “ஊது, ஊது” என்று குரல் கொடுக்க வேண்டும். பற்களுக்கு நடுவில் நாக்கு வந்தால் காற்று தடைபடும், முதல் வினாடியில் இருமினால் அந்த முயற்சி செல்லாது. குறையில்லாத மூன்று முயற்சிகள் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்திருக்க வேண்டும். எட்டு முறைக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் அழையுங்கள். களைத்தவரிடம் ஒன்பதாவது முறை வாங்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.